புளியங்கொட்டையும் குறை எண்ணும்

ஒன்பதிலிருந்து ஐந்தைக் கழித்தால் நான்கு என்று மூன்றாம் வகுப்புச் சிறுவன் தயங்காது சொல்லுவான். ஐந்திலிருந்து ஒன்பதைக் கழிக்கச் சொன்னாலோ, ‘கழியாது’ என்பான். நாம் அவ்வாறுதான் அவனுக்குக் கற்பித்திருக்கிறோம். சில ஆண்டுகள் சென்றபின் வேறோர் ஆசிரியர் வந்து, ‘கழியும், விடை மைனஸ் நான்கு’ என்கிறார். நேற்றுவரை இல்லாதிருந்த எண் இன்று எங்கிருந்து வந்தது என்று வினவும் மாணவர் சிலரே. வினவாமல் மனப்பாடம் செய்துகொள்வோர் பலர். அவ்வாறு மனப்பாடம் செய்தவர்களுக்குக் கணக்குப் பாடம் கைநழுவத் தொடங்குவதும் இவ்விடத்திலேதான்.

அவர்கள் மனப்பாடம் செய்வது யாது? ‘மைனசும் மைனசும் சேர்ந்தால் பிளஸ்’ என்னும் ஒரு வரி. இதை ஓதிய பிள்ளையிடம் −3 − 5 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மைனஸ் குறிகள் கண்ணிற் படுகின்றன. ஆகவே +8 என்று எழுதிவிடும். மூன்று ரூபாய் கடன் பட்டவர் மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, எட்டு ரூபாய்க்குச் சொந்தக்காரராகிவிட்டார் என்பது இவ்விடையின் பொருள்! கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிய அனுபவமுள்ள எந்தத் தாயும் இதை ஒப்பமாட்டார். ஆனால் ஏட்டுக் கணக்கிற்கும் கடைக் கணக்கிற்கும் தொடர்பு உண்டு என்பதைப் பிள்ளைக்கு ஒருவரும் காட்டுவதில்லை. அத்தொடர்பை எளிய விளையாட்டுகளால் எவ்வாறு காட்டலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டுகளைப் பீர்மேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. பீர்மேடு, கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்திலுள்ள மலைத் தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு மிகுதி. அப்பிள்ளைகளுக்காகத் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள அரசு தமிழிலும் பாடநூல்களை அச்சிட்டு வழங்குகிறது. மலையாள வழியிலும் ஆங்கில வழியிலும் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் உளர். ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் ‘குறை எண்’ என்பதையே, தம்பி ‘நியூனசங்க்ய’ என்றும், தங்கை ‘நெகட்டிவ் நம்பர்’ என்றும் சொல்லக் கேட்கலாம். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. போபாலிலோ டில்லியிலோ இந்தி வழியில் பயிலும் பிள்ளை ‘தனாத்மக்’, ‘ருணாத்மக்’ என்று சொல்லும். கன்னட வழியிலும் தனம், ருணம் என்பவையே வழக்கு. வீட்டிலுள்ள பெரியவர்களோ, ‘அந்தச் சொல்லெல்லாம் நமக்குத் தெரியாது’ என்று ஒதுங்கிக்கொள்ளுகிறார்கள்.

ஒதுங்க வேண்டுவதில்லை. தனம் என்றால் செல்வம். ருணம் என்றால் கடன். இச்சொற்கள் இன்று நேற்றுப் பிறந்தவையல்ல. இன்றைய இராஜஸ்தானத்திலுள்ள பின்மால் என்னும் ஊரோடு தொடர்புடைய பிரம்மகுப்தர், கி.பி. 628-இல் இயற்றிய ‘பிராம்ம ஸ்புட சித்தாந்தம்’ என்னும் நூலில், தனத்தையும் ருணத்தையும் சுழியையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். இரண்டு கடன்களின் கூட்டுத்தொகை கடனே என்பது அவற்றுள் ஒன்று. மேலே கண்ட பிள்ளையின் தவற்றுக்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே மறுமொழி இருந்தது என்க. சீனத்திலோ கணக்கிடும் குச்சிகளை இரு நிறங்களில் வைத்திருந்தனர். மிகைக்குச் சிவப்பு, குறைக்குக் கறுப்பு என்று கி.பி. 263-இல் லியூ ஹூய் என்னும் உரையாசிரியர் குறித்திருக்கிறார். ஐரோப்பியர் இவ்வெண்களை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1758-ஆம் ஆண்டிலேகூட பிரான்சிஸ் மசேரஸ் என்னும் ஆங்கில அறிஞர், இவை கணிதத்தை இருளாக்குகின்றன என்னும் கருத்தோடு ஒரு நூல் வெளியிட்டார். கற்றறிந்தோரே மயங்கிய இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மயங்குவதில் வியப்பில்லை.

விளையாட்டிற்குச் செல்லுமுன், குறை எண் வெளியே எங்கே வாழ்கிறது என்பதைக் காட்டிவிடுதல் நலம். பீர்மேட்டுப் பிள்ளைக்கு இவ்வகையில் குறைவில்லை. குமுளியிலிருந்து வண்டிப்பெரியார், பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்திற்கு இறங்கும் சாலையை அது நன்கு அறியும். பீர்மேடு கடல்மட்டத்திற்கு மேலே ஏறத்தாழ 3,000 அடி. கோட்டயத்தையும் கடந்து குட்டநாட்டிற்குச் சென்றால், அங்கே நெல்வயல்கள் கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கின்றன. சில இடங்களில் 4 அடி, சில இடங்களில் 10 அடி வரையிலும் தாழ்வு. ஐந்தடி தாழ்ந்த ஒரு வயலை −5 என்று எழுதுவோம். பீர்மேட்டிற்கும் அவ்வயலுக்கும் உயர வேறுபாடு எவ்வளவு? 3,000 அடி இறங்கிக் கடல்மட்டத்தை அடைந்து, மேலும் 5 அடி இறங்க வேண்டும், ஆக 3,005. ஏட்டில் இது 3000 − (−5) = 3005 என்றாகும். குறை எண்ணைக் கழித்தால் விடை ஏன் பெருகுகிறது என்பதற்கு இந்தப் பேருந்துப் பயணத்தைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெரியாற்று அணை இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவிலேயே உள்ளது. அதன் நீர்மட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உழவர்கள் நாள்தோறும் செய்தித்தாளிற் பார்க்கிறார்கள். நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கவழியே தமிழ்நாட்டிற்குத் தண்ணீர் எடுக்க இயலாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உயர் மட்டம் 142 அடி. நீர்மட்டம் 130 அடி என்று வைத்துக்கொள்ளுவோம். 104-ஐச் சுழியாகக் கொண்டால் அது +26. 142-ஐச் சுழியாகக் கொண்டால் அதே தண்ணீர் −12. தண்ணீரில் மாற்றமில்லை, நாம் சுழியை வைத்த இடம் மாறிற்று. ‘ஒன்றுமில்லாததற்குக் கீழே எப்படி ஒன்று இருக்கும்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே விடை. அளவு தொடங்கும் இடம் சுழி. அதை வைப்பவர் நாம்.

மூணாற்றுப் பகுதியில் 2019 ஜனவரியில் பல நாள்கள் வெப்பநிலை சுழிக்குக் கீழே இறங்கிப் புல்தரைகளில் வெள்ளை உறைபனி படிந்தது. அங்குச் சுழி நீர் உறையும் இடம். இதை அதிகம் விரிக்க வேண்டுவதில்லை.

இனி நம் குழப்பத்தின் வேரைக் காண்போம். நீர்மட்டம் 104-க்கு நான்கு அடி கீழே நிற்கிறது என்பதும் மைனஸ் நான்கு. நேற்றைவிட இன்று நான்கு அடி இறங்கிவிட்டது என்பதும் மைனஸ் நான்கு. முன்னது ஒரு நிலை. பின்னது ஒரு மாற்றம். மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்து ஆய்வாளர்கள், இவற்றோடு இரண்டு அளவுகளின் ஒப்பீட்டையும் சேர்த்து, குறியுள்ள எண்ணுக்கு மூவகைப் பொருள் காட்டுகின்றனர். ஏட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே சிறு கோடு. ‘கழி’ என்று ஏவுவதும் அதே கோடு; ‘நான் கடன்’ என்று தன் இயல்பைச் சொல்வதும் அதே கோடு. ஏவலையும் இயல்பையும் பிள்ளை பிரித்தறியும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல விளையாட்டு என்பது இவ்விரண்டையும் வேறு வேறாகக் காட்டும் விளையாட்டே. அவ்வாறு காட்டாதது பொழுதுபோக்காக இருக்கலாம், பாடமாகாது.

இதற்கு வேண்டிய கருவி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் கல்லில் உரைத்து வெண்மையாக்கித் தாயம் உருட்டுவது நம் பாட்டிமார் அறிந்த கலை. அத்தகைய கொட்டைகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் ஒரு ரூபாய் வரவு. கறுத்த பக்கம் ஒரு ரூபாய் கடன். (சிவப்பும் கறுப்புமாக இருக்கிறதே என்று குன்றிமணியைச் சிறுவர் கையிற் கொடாதீர்கள், அது கொடிய நஞ்சு.)

முதல் ஆட்டம் எளிது. பிள்ளை பத்துக் கொட்டைகளையும் கையிற் குலுக்கித் தரையில் வீசுகிறது. ஆறு வெள்ளை, நான்கு கறுப்பு விழுந்தன என்க. ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் சோடி சேர்த்து ஒதுக்க வேண்டும். ஒரு ரூபாய் வரவும் ஒரு ரூபாய் கடனும் சேர்ந்தால் சுழிதானே. நான்கு சோடிகள் ஒதுங்கின. எஞ்சியவை இரண்டு வெள்ளை. ஆட்டப்புள்ளி +2. அடுத்த வீச்சில் மூன்று வெள்ளை, ஏழு கறுப்பு, புள்ளி −4. இரண்டையும் சேர்த்தால் −2. இவ்வாறு ஆளுக்கு ஐந்து வீச்சு. ஒவ்வொரு வீச்சின் புள்ளியையும் மொத்தத்தையும் பிள்ளையே ஏட்டில் எழுதிவர வேண்டும். எழுதாத விளையாட்டு மணியடித்தவுடன் மறந்துபோகும்.

ஈற்றில் ஒருவன் −4, மற்றொருவன் −8 என்று நின்றால் வென்றவர் யார்? ‘எட்டு பெரிது’ என்று இரண்டாமவன் வாதாடுவான். ஆசிரியர் குறுக்கிடலாகாது. ‘யாருக்குக் கடன் அதிகம்?’ என்று எதிராளி கேட்பான். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். −4 என்பது −8-ஐவிடப் பெரிது என்று கரும்பலகையில் பத்து முறை எழுதுவதைவிட இவ்வழக்கு ஒரு முறை நடந்தால் போதும்.

இவ்வாட்டத்திற்குள் ஒரு புதிரும் ஒளிந்திருக்கிறது. பத்துக் கொட்டைகளோடு எத்தனை முறை வீசினாலும் 3, −5 போன்ற ஒற்றைப்படைப் புள்ளி வருவதே இல்லை. கூர்மையான பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். காணாவிடில், ‘யாருக்கேனும் மூன்று வந்ததா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாதிருங்கள். காரணம் இது: ஒரு கறுப்புக் கொட்டையை வெள்ளையாகப் புரட்டினால் புள்ளி ஒன்று கூடுவதில்லை, இரண்டு கூடுகிறது. ஒரு கடன் போயிற்று. ஒரு வரவும் வந்தது. பத்து வெள்ளையிலிருந்து தொடங்கி எத்தனை கொட்டைகளைப் புரட்டினாலும் புள்ளி இரண்டிரண்டாகவே இறங்கும். பதினொரு கொட்டைகளை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே ஆடிப் பார்க்கட்டும்.

இரண்டாம் ஆட்டந்தான் இப்பேச்சின் உயிர்நிலை. இதில் கொட்டைகளை வீசுவதில்லை. இருபது கொட்டைகளைப் பத்து வெள்ளை, பத்துக் கறுப்பாக நடுவில் பரப்புங்கள். அதன் மதிப்பு சுழி. பழைய நாட்காட்டித் தாள்களைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை எழுதுங்கள்: ‘2 வெள்ளை போடு’, ‘3 கறுப்பு போடு’, ‘4 வெள்ளை எடு’, ‘3 கறுப்பு எடு’. (விலைக்கு வாங்கிய ஆட்டச் சீட்டுகளைக் கண்டால் முகம் சுளிக்கும் பெரியோர் நம் வீடுகளில் உண்டு, நாட்காட்டித் தாளிடம் அவர்களுக்குப் பகையில்லை.) பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உபரிக் கொட்டைகள். பிள்ளை ஒரு துண்டை எடுத்து, அதன்படி செய்து, குவியலின் மதிப்பு இப்பொழுது என்ன என்று சொல்ல வேண்டும்.

‘3 கறுப்பு எடு’ என்னும் துண்டு வருகிறது. சுழி மதிப்புள்ள குவியலிலிருந்து மூன்று கடன்களை எடுத்து எறிகிறது பிள்ளை. பத்து வெள்ளை, ஏழு கறுப்பு, மதிப்பு +3. எடுத்தோம், ஆனால் ஏறிற்று! இந்தத் திகைப்பு ஏற்படும் கணத்தில்தான் பாடம் நிகழ்கிறது. கடைக்காரர் உங்கள் பற்றுக் கணக்கில் மூன்று ரூபாயை அடித்துவிட்டால் உங்கள் கையில் புதிதாக ஒரு காசும் வராது. ஆயினும் நீங்கள் மூன்று ரூபாய் முன்னேறியவரே. இதைப் பிள்ளைக்குச் சொல்லும் தகுதி எந்தத் தாய்க்கும் உண்டு. அவர் எத்தனை வகுப்புப் படித்தவர் என்பது இங்குக் கேள்வியன்று.

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு சொற்கள் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். போடு, எடு என்பவை ஏவல். வெள்ளை, கறுப்பு என்பவை இயல்பு. கணித ஏட்டில் ஒரே கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு மருட்டிய இரண்டும் இங்கே தனித்தனிப் பெயர் பெற்றுவிட்டன. சில நாள்கள் ஆடியபின் ஆசிரியர் துண்டுகளின் பின்புறத்தில் குறிகளை எழுதலாம்: ‘3 கறுப்பு போடு’ என்பதற்கு +(−3), ‘3 கறுப்பு எடு’ என்பதற்கு −(−3). குறி சொல்லுக்குப் பின்னர் வரவேண்டும், முன்னர் வரலாகாது. இவ்வரிசையை மாற்றினால் பழைய மனப்பாடமே மிஞ்சும்.

இப்பொழுது −3 − 5-க்குத் திரும்புவோம். மூன்று கறுப்புக் கொட்டைகளை மட்டும் வையுங்கள். ஐந்து வெள்ளையை எடுக்க வேண்டும். ஆனால் அங்கே வெள்ளையே இல்லையே! ஐந்து சோடிகளைக் கொண்டுவந்து சேருங்கள். சோடியின் மதிப்பு சுழியாதலால் குவியலின் மதிப்பு மாறாது. இப்பொழுது ஐந்து வெள்ளையை எடுத்துவிடலாம். எஞ்சியவை எட்டுக் கறுப்பு, விடை −8. ஐந்து வெள்ளையை எடுப்பதற்குப் பதிலாக ஐந்து கறுப்பைப் போட்டிருந்தாலும் இதே விடைதான் என்று யாரேனும் ஒரு பிள்ளை கூவும். அந்தப் பிள்ளை கண்டுபிடித்ததுதான், ‘ஓர் எண்ணைக் கழிப்பது அதன் எதிரெண்ணைக் கூட்டுவதற்குச் சமம்’ என்று பாடநூல் தடித்த எழுத்தில் அச்சிடும் விதி.

மூன்றாவது ஆட்டத்திற்குச் சுண்ணக்கட்டி ஒன்றே தேவை. தாழ்வாரத்திலோ வாசலிலோ நீண்ட கோடு வரைந்து, நடுவில் சுழியும், கிழக்கே 1 முதல் 10 வரையிலும், மேற்கே −1 முதல் −10 வரையிலும் குறியுங்கள். கூட்டல் என்றால் கிழக்கு நோக்கி நில். கழித்தல் என்றால் மேற்கு நோக்கித் திரும்பு. மிகை எண் என்றால் முன்னோக்கி நட. குறை எண் என்றால் பின்னோக்கி நட. 2 − (−3) என்று சொன்னால் பிள்ளை 2-இல் நின்று, மேற்கே திரும்பி, மூன்றடி பின்னோக்கி வைக்கிறது. 5-இல் போய் நிற்கிறது. திரும்புவது ஏவல், முன்பின் நடப்பது இயல்பு. மலைச்சரிவிலுள்ள பள்ளிகளில் படிக்கட்டையே எண்கோடாகப் பயன்படுத்தும் எண்ணம் தோன்றும். ஏறி இறங்கி உயரம் சொல்வதற்கு அது நன்று. பின்னோக்கி நடப்பதற்குச் சமதரையே தக்கது.

கொட்டை ஆட்டத்தையும் கோட்டு ஆட்டத்தையும் ஒரே நாளில் கலந்து நடத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. கழித்தலின் காரணத்தைக் கொட்டை தெளிவாகக் காட்டும். எது பெரிது, எது சிறிது என்னும் வரிசையைக் கோடு தெளிவாகக் காட்டும். கொட்டை முதலில், ஒரு வாரம் சென்று கோடு என்பது என் எண்ணம். மேலும், வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் இருவர் ஆட நாற்பத்தெண்மர் வேடிக்கை பார்ப்பது விளையாட்டாகாது. நால்வர் நால்வராகப் பிரித்துவிட வேண்டும். புளியங்கொட்டைக்கு விலையில்லை என்பது இங்கே கைகொடுக்கிறது. சத்தம் எழும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று!

பெருக்கலுக்கும் இத்துண்டுகள் ஓரளவு உதவும். ‘மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 2 கறுப்பு போடு’ என்றால் 3 × (−2). குவியல் −6 ஆகும். ‘மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 2 கறுப்பு எடு’ என்றால் (−3) × (−2). பத்து வெள்ளை, பத்துக் கறுப்புக் குவியலிலிருந்து ஆறு கறுப்பு நீங்கினால் மதிப்பு +6. ‘மைனசும் மைனசும்’ என்னும் வாய்பாட்டிற்கு உரிய இடம் இதுவே என்று இப்பொழுது பிள்ளைக்குச் சொல்லலாம். இதனால் நிறைவடையாத பிள்ளைக்கு வேறொரு வழியும் உண்டு. 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். விடைகள் இரண்டிரண்டாக ஏறிவருகின்றன. அடுத்த வரி (−1) × (−2). ஏற்றம் தொடர வேண்டுமானால் விடை 2 என்று இருத்தலே முறை.

புளியங்கொட்டையால் இயலாததும் ஒன்று உண்டு. இரண்டரை ரூபாய் கடனை, −2½-ஐ, அது காட்டாது. அவ்விடத்தில் சுண்ணக்கட்டிக் கோட்டிற்குத் திரும்புங்கள். −2½ எங்கே என்று கேட்டால், பிள்ளைகளுள் சிலர் −2-க்கும் −1-க்கும் இடையே போய் நிற்பார்கள். மிகைப் பக்கத்தில் இரண்டரை என்பது இரண்டிற்குக் கிழக்கே இருப்பதால் இங்கும் கிழக்கே செல்லுகிறார்கள். ‘தவறு’ என்று சொல்லாமல், இரண்டு ரூபாய் கடனிலிருந்து இன்னும் அரை ரூபாய் கடன் வாங்கினால் எத்திசையில் நகருவாய் என்று கேட்டுவிட்டு, அவர்கள் கால் எப்பக்கம் எழுகிறது என்று பாருங்கள்.